மும்பை மாட்டுங்கா ஐசிடியில் (இன்ஸ்டிடியூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜி) கெமிக்கல் இன்ஜினியரிங் சேரலாமா? அங்கே ஆராய்ச்சி எதில்?

மகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்டதோடு, "சாயப்பட்டறைக் காலேஜ் என்கிறார்களே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே இரண்டு வருடம் முதுநிலை படித்தவள் நான். சுருக்கென்று தைத்தது.

சாயத்தில் தொடங்கியதுதான், இல்லை என்று யார் சொன்னது? 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாக ஆரம்பித்தபோது இந்த ஊரில் திரும்பின பக்கமெல்லாம் பஞ்சாலை. துறையை வளர்த்த கே. வெங்கட்ராமன் நம் சென்னைக்காரர், சாய வேதியியலில் பெரும் புள்ளி. 2008-இல் தனி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவே ஆகிவிட்டது.

கெமிக்கலில் அங்கே பரம்பரைச் சொத்து என்றால் வாயுவும் திரவமும் கலந்து வினைபுரியும் கலன்கள்தான். 1990-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குத் தேர்வான, அங்கே பேராசிரியராக இருந்த எம்.எம். சர்மா பெயர் வாங்கியது அதில்தான். இப்போது வைக்கோல், கரும்புச் சக்கையிலிருந்து எத்தனால் எடுப்பதும் பெரிய வேலை.

என் புராஜெக்டும் குமிழிக் கலன்தான். என்னைவிட உயரமான அக்ரிலிக் குழாய், நிறையத் தண்ணீர், அடியில் ஓட்டைத் தட்டு வழியாகக் காற்று. ஒருநாள் சீனியர் அக்கா சொன்னபடி கொஞ்சம் பியூட்டனால் (ஒருவகை ஆல்கஹால்) விட்டேன். குன்றிமணி அளவில் ஏறிக்கொண்டிருந்த குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் கடுகாகப் பொடிந்தன. குழாய் பால் மாதிரி வெளுத்தது, மட்டம் ஒரு சாண் ஏறியது. காற்றைக் கூட்டவே இல்லை! கொஞ்சம் கலப்பே குமிழியை இப்படி மாற்றிவிடுகிறது என்றால், குடுவையில் ஒழுங்காக நடக்கிற வினை ஆலைக்குப் போனதும் ஏன் வேறு மாதிரி நடக்கிறது என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. உங்கள் மகளுக்கு இப்படி மணிக்கணக்கில் நின்று பார்க்கப் பிடிக்குமென்றால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள்.

பவாய் ஐஐடிக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம். அதைக் குறைத்துச் சொல்லவில்லை, நான் படித்த இடத்தைச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் ஆறவில்லை. ஹாஸ்டல் கிடைக்காமல் வாடகை அறை தேடினேன். மல்லிகைப்பூவும் வாழையிலையும் விற்கிற தெருவில், நம் தமிழிலேயே, "மீன் சாப்பிடுவேளா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீடு இல்லை, நாலு வீடு. இரண்டு வருடமும் தூரத்துப் புறநகரான கல்யாணிலிருந்து ஸ்லோ லோக்கல் ரயிலில் நின்றுகொண்டேதான் போனேன்.

சரி, இடம் கிடைத்த அன்றைக்கே ஹாஸ்டலுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.