கனடா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை): 730 நாள் நிறையாதவர்கள் திரும்பிப் போகலாமா?

அப்பாவுக்குப் பக்கவாதம் என்று கோவை வந்தவன், மூன்றரை ஆண்டு இங்கேயே தங்கிவிட்டேன். பி.ஆர். கார்டும் முடிந்துவிட்டது. எல்லாம் போயிற்றா?

போகவில்லை. காலாவதியானது கார்டுதான், உரிமை அல்ல. ஐந்தாண்டில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்று குடிவரவுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. நாள் குறைந்தால் பி.ஆர். தானாக ரத்தாகிவிடாது. அதிகாரி ஒருவர் எழுத்தில் முடிவெடுத்து, அப்பீலுக்கான வழியும் அடைபட்ட பிறகுதான் அது போகும்.

கார்டு இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பி.ஆர். பயண ஆவணத்துக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் 50 டாலர். நாள் கணக்கு அங்கேதான் கேட்கப்படும். குறைவை மறைக்காமல், மனிதாபிமான அடிப்படையில் பரிசீலிக்கும்படி கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அப்பாவைப் பார்க்க வேறு ஆள் ஏன் இல்லை, முன்பே திரும்ப என்ன முயற்சி எடுத்தீர்கள், கனடாவில் உங்களுக்கு என்ன பிடிப்பு இருக்கிறது என்பதெல்லாம் தாளில் தெரிய வேண்டும். பிள்ளைகள் இருந்தால் அவர்கள் நலனையும் தனியாக எழுதுங்கள். அதைக் கணக்கில் எடுக்கச் சட்டமே சொல்கிறது. மறுத்தால் அப்பீல் செய்ய 60 நாள் உண்டு.

கார்டு இன்னும் நான்கு மாதம் செல்லும். ஆனால் நாள் போதாது. டொரன்டோ ஏர்போர்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களா?

மாட்டார்கள். பி.ஆர். உள்ளவர் என்று உறுதியானால் உள்ளே விட்டே ஆக வேண்டும். எல்லை அதிகாரி கேள்வி கேட்பார். உங்கள் காரணம் சரியென்று பட்டால் விட்டுவிடலாம். இல்லையென்றால் ரிப்போர்ட் எழுதலாம், அதன்மேல் வெளியேற்ற உத்தரவும் வரலாம். வந்தாலும் அப்பீலுக்கு 30 நாள் இருக்கிறது. அப்பீல் நடக்கும்போது அங்கேயே வசிக்கலாம், வேலை பார்க்கலாம்.

இரண்டு விஷயங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பொய் சொல்லாதீர்கள். 2020 முதல் விமானத்தில் கனடாவை விட்டுப் போகிறவர்களின் விவரமும் அரசிடம் சேர்கிறது; நாள் குறைந்ததற்கு விளக்கம் சொல்லலாம், பொய்த் தகவல் தந்ததற்கு ஐந்தாண்டுத் தடை வரும். அடுத்தது, பயத்தில் பி.ஆரைக் கைவிடும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டு ஏற்கப்பட்டால், அப்பீல் செய்ய எதுவும் மிஞ்சாது.

ரிப்போர்ட் இல்லாமல் உள்ளே விட்டுவிட்டால், 730 நாள் நிறையும்வரை அங்கேயே இருங்கள். அதற்குமுன் கார்டு புதுப்பிக்கவோ, யாரையும் ஸ்பான்சர் செய்யவோ போகாதீர்கள். அந்த விண்ணப்பமே உங்கள் நாள் கணக்கைக் கிளறிவிடும்.

கணவர் கனடா குடிமகன். இருவரும் சென்னையில் இருக்கிறோம். இந்த நாட்கள் சேருமா?

அவரோடு சேர்ந்து வாழும் ஒவ்வொரு நாளும் சேரும். கல்யாணச் சான்றிதழ், அவருடைய குடியுரிமைச் சான்று, வீட்டு வாடகை ஒப்பந்தம், இருவர் பாஸ்போர்ட் நகல் எல்லாம் எடுத்து வையுங்கள். யார் யாரைப் பின்தொடர்ந்து வந்தார்கள் என்று கேட்கும் அதிகாரிகளும் உண்டு. பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

துபாயில் கனடா கம்பெனியின் கிளையில் வேலை. அது?

கனடாவில் உண்மையாகவே தொழில் நடத்தும் நிறுவனம் உங்களை முழுநேர வேலைக்கு வெளியே அனுப்பியிருந்தால் சேரும். துபாயிலேயே ஆளெடுத்த கிளை என்றால் பெரும்பாலும் சேராது.

அமெரிக்கா வழியாகக் காரில் போகலாம் என்கிறார்களே?

போகலாம். சொந்தக் காரில் தரைவழி எல்லைக்கு வருகிறவரிடம் பி.ஆர். என்பதற்கு வேறு சான்று இருந்தாலும் போதும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். எல்லையில் கேள்விகள் அதேதான்.

லண்டனில் இருக்கிறேன், பிரிட்டிஷ் பாஸ்போர்ட். பழைய கனடா பி.ஆர். உண்டு. தங்கை கல்யாணத்துக்கு இ.டி.ஏ. (விசா தேவைப்படாதவர்கள் விமானத்தில் கனடா போக எடுக்கும் மின்னணுப் பயண அனுமதி) எடுத்துப் போகலாமா?

பி.ஆர். இருக்கும்வரை இ.டி.ஏ. கிடையாது. கனடாவில் இனி வாழப்போவதில்லை என்று மனதார முடிவு செய்துவிட்டீர்களா? உங்களுக்கு மட்டும், பி.ஆரை முறைப்படி கைவிட்டு இ.டி.ஏ. எடுங்கள் என்பேன். சிறு யோசனை மிச்சமிருந்தாலும் பயண ஆவணத்துக்கே விண்ணப்பியுங்கள், கல்யாணத் தேதிக்குப் பல மாதம் முன்பே.