கிளையே இல்லாத வங்கியில் என்ன வேலை?

வணக்கம் ஐயா. "எங்கள் ஊரில் நபார்டுக்கு ஒரு கிளைகூட இல்லை, அதை நம்பிப் பெண்ணை எப்படி விடுவது?" என்று கேட்டிருந்தீர்கள். வேளாண்மை இறுதியாண்டு படிக்கும் பெண் நபார்டு வேலைக்கான அந்த ஒரு தேர்வையே பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றால் பெற்றவருக்குக் கவலை வரத்தான் செய்யும்.

முதலில் பயத்தை விடுங்கள். நபார்டு என்பது விவசாயத்துக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கி. தனிச் சட்டத்தின் மூலம் 1982-இல் தொடங்கிய வங்கி அது, இன்று முழுக்க மத்திய அரசுக்குச் சொந்தம். நம்மைப் போன்றவர்கள் கணக்குத் தொடங்கும் இடமில்லை என்பதால்தான் கிளை கண்ணில் படவில்லை. கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும் விவசாயிக்குக் கொடுக்கும் கடனுக்குப் பின்னால் பல நேரம் இதன் மறுநிதி, அதாவது அந்த வங்கிகளுக்கு இது கொடுக்கும் கடன், இருக்கும்.

இப்படி ஒரு வங்கி எதற்கு? சாதாரண வங்கியில் இருப்பது மக்கள் நினைத்தபோது எடுக்கக்கூடிய பணம். பலன் தரப் பல வருடம் பிடிக்கும் பாசனத் திட்டத்தில் அதைப் போட வங்கிகள் தயங்கும். அதனால், விவசாயம் முதலான முன்னுரிமைத் துறைகளுக்குக் கொடுக்க வேண்டிய அளவு கடன் கொடுக்காத வங்கிகள், அதில் குறைவுபட்ட தொகையை நபார்டிடம் கட்டும் ஏற்பாடு 1995-இல் வந்தது. அந்தப் பணம் மாநில அரசுகளுக்குக் கடனாகப் போய் கிராமச் சாலையாகவும் பாலமாகவும் தடுப்பணையாகவும் மாறுகிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க வழி திறந்ததும் 1992-இல் நபார்டு 500 குழுக்களோடு தொடங்கிய முன்னோடித் திட்டம்தான். ஈடு காட்ட ஒன்றுமில்லாத பெண்களை நம்பிக் கடன் கொடுக்க வைத்தார்களே, அதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். உங்கள் மகளுக்குப் பிடித்திருப்பதும் இந்த வேலையாகத்தான் இருக்கும்.

சரி, கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இடங்கள் குறைவு. 2024-இல் உதவி மேலாளர் பதவிக்கு நாடு முழுவதற்கும் அறிவித்தது 102 இடங்கள். எந்த மாநிலத்துக்கும் மாற்றல் வரலாம். அதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். முதன்மைத் தேர்வில் வேளாண்மை, ஊரக வளர்ச்சிப் பகுதி அவளுக்குக் கைவந்தது. பொருளாதாரமும் ஆங்கிலத்தில் விரிவாக எழுதுவதும்தான் வேளாண் மாணவர்களைச் சறுக்க வைக்கும். தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகட்டும். வயது வரம்பு 30 வரை இருப்பதால் முதல் முறையே கிடைக்காவிட்டாலும் பதற வேண்டாம். அப்புறம், பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். பாடத்தில் பாதி ஒன்றுதான், கையில் ஒரு வேலையும் இருக்கும்.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நபார்டு வருடந்தோறும் 'வளம் சார்ந்த கடன் திட்டம்' என்று ஓர் அறிக்கை தயாரிக்கிறது. உங்கள் மாவட்டத்து அறிக்கையை இந்த வாரமே எடுத்து, மகளோடு உட்கார்ந்து நீங்களும் படியுங்கள் ஐயா. படித்ததும் அவளுக்கு என்ன கேள்விகள் வருகின்றன என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.