கிடா பின்வாங்கினால் என்ன அர்த்தம்?

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வரப்புத் தகராறில் பக்கத்து வயல்காரர் சத்தம் போட்டார். சித்தப்பா பதில் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பாயி அதைப் பார்த்து, 'கிடா பின்வாங்குது' என்றார். சித்தப்பாவைக் கோழை என்கிறாரா? தகராறு என்பதும் தகர், அதாவது கிடா, என்ற சொல்லிலிருந்து வந்ததுதானா?"

கோழை என்று சொல்லவே இல்லை. அறுவடை முடிந்த வயலில் கிடை போடும்போது போய்ப் பாருங்கள். ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் ஓட்டிவரும் மந்தையில் இரண்டு செம்மறிக் கிடாக்கள் முறைத்துக்கொண்டால், முட்டுவதற்கு முன் பின்னாலேயே நடக்கும். முகம் மட்டும் திரும்பாது. பின்னால் போன தூரம்தான் ஓடிவரும்போது வேகமாகிறது, அதுதான் முட்டில் இறங்குகிறது. வெள்ளாட்டுக் கிடா பின்னங்காலில் எழும்பி மேலிருந்து இடிக்கும். ஆக, அப்பாயி சொன்னது செம்மறிக் கிடாவை.

இதே காட்சி குறளில், காலமறிதல் அதிகாரத்தில் இருக்கிறது (486):

"ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர்
தாக்கற்குப் பேருந் தகைத்து."

பொருதகர் சண்டைக் கிடா. பேரும் என்றால் பின்வாங்கும். தகர் மிகப் பழைய சொல். தொல்காப்பிய மரபியல் ஆட்டின் ஆண்பெயர்களில் அதையும் வைக்கிறது. காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரைப் பாடும் பட்டினப்பாலையிலும் "மேழகத் தகரொடு சிவல் விளையாட" என்று, கவுதாரியோடு கிடா வருகிறது.

குறளின் முதல் சொல்லை விட்டுவிடாதீர்கள். ஊக்கமுடையவன் ஒடுங்கினால்தான் இந்த உவமை பொருந்தும். மனம் விட்டுப்போய் ஒதுங்கியவரைப் பார்த்து இதைச் சொன்னால் அவருக்கு வலிக்கும். அப்பாயிக்குத் தன் பிள்ளையைத் தெரியும். 'புலி பதுங்குவது பாய்வதற்கே' என்பதும் கிட்டத்தட்ட இதே பொருள்தான். ஆனால் புலி கண்ணில் படாமல் மறைகிறது. கிடா எதிரி பார்க்கப் பார்க்கவே பின்னால் போகிறது. உங்கள் சித்தப்பா எல்லார் முன்னாலும்தானே திரும்பி வந்தார்? அப்பாயி சொன்ன விலங்கு கச்சிதம்.

தகராறுக்கும் தகருக்கும் உறவு இல்லை. அது அரபி மூலமுள்ள 'தக்ரார்', உருது வழியாக வந்தது. சொன்னதையே திரும்பச் சொல்வது என்பது அதன் பழைய பொருள்.

சரி, இதை நீங்கள் எங்கே சொல்லலாம்? வீட்டுக்குள் சித்தப்பாவிடம் தாராளமாகச் சொல்லுங்கள், தெம்பாக இருக்கும். பக்கத்து வயல்காரர் காதில் விழும்படி மட்டும் வேண்டாம். அவருக்கு அது மிரட்டலாகத்தான் கேட்கும்.