அமைதியை விடுங்கள், எண்ணெய் டேங்க் எங்கே என்று கேளுங்கள்

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே: மனைவிக்கு இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் லட்லோ ஊர்ப்பக்கம் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. ஆறு மைல் தள்ளி ஒரு கிராமத்தில் வாடகை வீடு கைக்கு அடக்கமாக வருகிறது. ஆறு வயதுப் பிள்ளையோடு அங்கே போய் இருக்கலாமா, அந்த அமைதி நமக்குத் தாங்குமா?

அமைதி இரண்டு மாதத்தில் பழகிவிடும். ஆளைப் படுத்துவது வேறு. பர்மிங்காமிலோ லண்டன் ஈஸ்ட் ஹாமிலோ இருந்தால் கேஸ் குழாயில் வரும், கழிவு குழாயில் போகும், வாசலில் பஸ் நிற்கும். கிராமத்தில் இந்த மூன்றையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகளெல்லாம் இதில்தான் இருக்கின்றன.

முதலில் சூடு. அந்தப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றுக்கு கேஸ் லைன் கிடையாது. தோட்டத்து மூலையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் டேங்க் நிற்கும், பெரும்பாலும் 1,000 அல்லது 1,200 லிட்டர். உள்ளே இருப்பது மண்ணெண்ணெய். நம் ரேஷன் கடைச் சரக்கின் பங்காளிதான். லாரியில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். பொதுவாக 500 லிட்டருக்குக் குறைந்து கொடுக்க மாட்டார்கள், ஆகவே ஒரே தவணையில் பெரிய தொகை போகும். கேஸுக்கும் கரண்டுக்கும் இருக்கும் அரசு விலை உச்சவரம்பு இதற்கு இல்லை. குளிர் இறுகும்போது விலை ஏறுவது வழக்கம், டிசம்பரில் டெலிவரியும் தள்ளிப்போகும். கோடையிலேயே நிரப்பிவிடுங்கள். கால் டேங்க் ஆனதும் அடுத்த ஆர்டர். காலியாக விட்டால் குழாயில் காற்று புகும், அடியில் தேங்கிய கசடு வடிகட்டியை அடைக்கும். பிறகு எண்ணெய் வந்தாலும் பாய்லர் எரியாது, மெக்கானிக் வந்து காற்றை எடுத்துவிட வேண்டும். பல ஊர்களில் எல்லா வீட்டு ஆர்டரையும் ஒருவர் சேர்த்துப் பேசி விலை குறைப்பார். போன முதல் வாரமே அவர் யாரென்று விசாரியுங்கள். ஆர்டர் செய்யும்போது சந்து குறுகலா என்றும் சொல்லிவிட வேண்டும்; பெரிய லாரி நுழையாத இடத்துக்குச் சின்ன லாரி தனியாக உண்டு.

உறைபனி நாளில் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டால் பதறாதீர்கள். வெளிச்சுவரில் ஓடும் வெள்ளை பிளாஸ்டிக் வடிகுழாய் உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரை அந்தக் குழாய்மேல் ஊற்றி, இளகியதும் ரீசெட் பட்டனை அழுத்துங்கள். கொதிநீர் ஊற்றினால் குழாய் வெடிக்கும். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 அக்டோபரிலிருந்து வாடகை வீட்டில் அதைப் பொருத்துவது வீட்டுக்காரரின் சட்டப்பூர்வக் கடமை.

அடுத்தது கழிவு. புல்தரையில் பச்சை மூடி இரண்டு தெரிந்தால் அடியில் செப்டிக் டேங்க். வருடம் ஒருமுறை லாரி வந்து உறிஞ்ச வேண்டும். செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், இதில்தான் தகராறு வரும். வடை சுட்ட எண்ணெய், தட்டில் மிஞ்சிய சோறு, ஈரத் துடைப்புத்தாள் (வெட் வைப்ஸ்), ப்ளீச் எதுவும் சிங்க்கிலோ கழிப்பறையிலோ போகக் கூடாது. ப்ளீச் நம் கைப்பழக்கம். ஆனால் அந்த டேங்கில் வேலை பார்ப்பதே பாக்டீரியாதான், அதைக் கொன்றால் கசடு கரையாமல் அப்படியே மண்ணுக்குள் போய் வடிகால் அடைபடும். துணியும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாலு லோடு போடாமல் வாரத்துக்குப் பிரித்துப் போடுங்கள். கழிப்பறைத் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது, புல்லில் ஓரிடம் மட்டும் சொதசொத என்று நாறுகிறது என்றால் உடனே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு லாபமும் உண்டு: கழிவு, மழைநீர் எதுவும் பொதுச் சாக்கடைக்குப் போகவில்லை என்றால் தண்ணீர் பில்லில் சாக்கடைக் கட்டணம் கிடையாது. பில்லில் அது வந்தால் எழுதிக் கேட்டு நீக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வண்டி. மற்ற எதையும் சமாளிக்கலாம், கார் இல்லாமல் நர்ஸ் ஷிப்ட்டுக்குப் போய்வர முடியாது. 2025 முதல் பெரும்பாலான பஸ்ஸில் ஒருவழிக்கு அதிகபட்சம் 3 பவுண்ட்தான், ஆனால் விலையா பிரச்சினை? சாயங்காலத்தோடு கடைசி பஸ் போய்விடும், பல ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே கிடையாது. இந்திய லைசென்ஸில் குடியேறியதிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதற்குப் பிறகு இந்த ஊர்த் தேர்வில் தேறும்வரை எல் போர்டும், பக்கத்தில் மூன்று வருட லைசென்ஸ்காரர் ஒருவரும் வேண்டும். எழுத்துத் தேர்வு 23 பவுண்ட், ஓட்டும் தேர்வு வாரநாளில் 62 பவுண்ட். பணத்தைவிடத் தேதி கிடைப்பதுதான் பாடு, மாதக்கணக்கில் காக்க வேண்டிவரும். வந்த மாதமே, பழகுபவருக்கான தற்காலிக லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் தேறினால் கியர் வண்டி ஓட்ட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அந்தச் சந்துகளில் ஓட்டுவது தனிக் கலை. இருபக்கமும் ஆள் உயர வேலி, ஒரு வண்டி அகலம், அங்கங்கே ஒதுங்க ஓர் இடம். வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை மணிக்கு 60 மைல் வரை போகலாம் என்கிறது, போகச் சொல்லவில்லை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடம் யாருக்குக் கிட்டவோ அவர் பின்னால் எடுப்பது மரியாதை. ஆகவே ரிவர்ஸ் நன்றாகப் பழகுங்கள். இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள், வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரெதிரே நின்று அவரை உள்ளே போக விடுங்கள். அதில் வண்டியை நிறுத்திவிட்டு எங்கும் போய்விடக் கூடாது. குதிரையைத் தாண்டும்போது 10 மைல் வேகத்துக்குள், இரண்டு மீட்டர் தள்ளி, ஹாரன் தொடாமல். வழி விட்டவருக்குக் கை தூக்கிக் காட்டாவிட்டால் ஊரில் பேச்சாகும்.

பிள்ளைக்கு: எட்டு வயதுக்குள் இருந்து, அருகிலுள்ள பொருத்தமான பள்ளியே இரண்டு மைலுக்கு மேல் என்றால் கவுன்சில் இலவசமாக வண்டி அனுப்ப வேண்டும். எட்டுக்கு மேல் மூன்று மைல். நீங்களாக விரும்பித் தூரத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் இது கிடைக்காது.

மருந்துக்கு ஒரு வசதி உண்டு. மருந்துக்கடையிலிருந்து ஒரு மைலுக்கு மேல் இருக்கும் நோயாளிகளுக்குக் கிராமத்து ஜிபி (குடும்ப மருத்துவர்) கிளினிக்குகள் பல தாங்களே மருந்து கொடுக்கும். பதியும்போதே கேளுங்கள்.

செல்போன் சிக்னல் தடித்த கல்சுவருக்குள் நுழையாது, வைஃபை வழியாகத்தான் பேச வேண்டும். புயலில் மரக்கம்பத்து வயர் அறுந்து கரண்ட் போனால் வைஃபையும் போகும், பேச்சும் போகும். பவர் பேங்க், டார்ச், எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்ற தகவல் மூன்றும் கைவசம் இருக்கட்டும். கரண்ட் புகாருக்கு எண் 105, இலவசம்.

நீங்கள் பயப்படும் அமைதிக்கு வருகிறேன். அது முழு அமைதி இல்லை. ஞாயிறு காலையிலும் வாரத்தில் ஒரு சாயங்காலப் பயிற்சியிலும் சர்ச் மணி அடிக்கும். அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி வேட்டைத் துப்பாக்கி. விதைத்த வயலில் பறவை விரட்ட கேஸ் பீரங்கி, திரும்பத் திரும்ப டமார். ஆகஸ்டில் அறுவடை இயந்திரம் நடுராத்திரி வரை ஓடும். சாணக் குழம்பு அடிக்கும் நாளில் துணியை வெளியே காயப்போடாதீர்கள். உண்மையில் கனப்பது சத்தமின்மை அல்ல, இருட்டு. டிசம்பரில் எட்டே காலுக்கு விடிந்து நாலு மணிக்கு அடையும், பல ஊர்களில் தெருவிளக்கே இல்லை. நம் தோல் நிறத்துக்கு வருடம் முழுக்கத் தினமும் 10 மைக்ரோகிராம் விட்டமின் டி எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கச் சொல்கிறது அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்.

மனிதர்கள் நல்லவர்கள், ஆனால் வாசல் மூடியிருக்கும். சந்தில் எதிர்ப்படும் எல்லோருக்கும் வணக்கம் சொல்லுங்கள், வானிலையைப் பேசுங்கள். "ஒருநாள் டீக்கு வாங்க" என்பது தேதி சொல்லாதவரை வெறும் உபசாரம். சொல்லாமல் போய்க் கதவைத் தட்டினால் திகைத்துப்போவார்கள். பழக்கம் வளர்வது ஊர்ப் பொதுக்கூடத்தில்தான்: காலையில் காபிக் கூடல், இரவில் வினாடிவினா. போய் நாற்காலி அடுக்க உதவுங்கள். ஒரு சுற்று வடை பேசாததையும் பேசும். "எந்த ஊர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பெரும்பாலும் ஆர்வம், சில சமயம் வேறு. குரலிலேயே தெரிந்துவிடும். இந்தியக் குடிமக்களாகிய உங்களுக்கு இங்கே ஓட்டு உண்டு, காமன்வெல்த் நாடு என்பதால். வாக்காளர் பட்டியலில் பெயர் சேருங்கள், கடன் வாங்கும்போதும் உதவும்.

சமையலில் மூன்று சிக்கல். கேஸ் இல்லாத வீட்டில் இண்டக்ஷன் இருந்தால் அலுமினிய இட்லிப் பானையும் குழிவான இரும்புச் சட்டியும் ஆகாது. காந்தம் ஒட்டும், அடி தட்டையான பாத்திரமாகக் கொண்டுவாருங்கள். ஆவியை உள்ளேயே அடைத்து, குளிருக்காக ஜன்னல் மேல் காற்றுத் துளைகளையும் மூடினால், அந்தப் பழைய கல்சுவரில் ஜனவரிக்குள் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். துளைகள் திறந்தே இருக்கட்டும். கடைசியாக மாவு: வீடு 17 டிகிரியில் இருந்தால் பொங்காது. ஓவனை ஆன் செய்யாமல் உள்விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை உள்ளே வைத்து மூடுங்கள். 12 முதல் 14 மணி நேரம். ஓவனில் ஒரு காகிதம் ஒட்டிவையுங்கள், தெரியாமல் யாராவது சூடேற்றிவிடுவார்கள்.