ராத்திரி ஹாஸ்டலில் தீப்பிடித்தால்?

கேள்வி: மகளை இந்த வருடம் கோவையில் ஓர் இன்ஜினீயரிங் கல்லூரியில் சேர்த்து, ஹாஸ்டலில் விட்டிருக்கிறோம். பெப்பர் ஸ்ப்ரே வாங்கிக் கொடுத்துவிட்டேன். பாதுகாப்புக்கு வேறென்ன வாங்கித் தரலாம்?
- ஒரு தாய், தென்காசி

பதில்: வாங்கித் தர அதிகம் இல்லை அம்மா. ஒரு டார்ச், ஒரு பவர் பேங்க், ரத்த வகையும் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதும் உங்கள் போன் நம்பரும் எழுதிய ஒரு சீட்டு, அவ்வளவுதான். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான் நிறைய. ராத்திரி கிரில் கேட்டைப் பூட்டிய பிறகு சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எங்கே படுக்கிறார் என்று வார்டனிடம் நேராகவே கேளுங்கள். பெண்கள் ஹாஸ்டல் என்றாலே பாதுகாப்புக்குப் பூட்டு போதும் என்று பல நிர்வாகங்கள் நினைக்கின்றன, ஆனால் வெளியாளை உள்ளே விடாத அதே பூட்டு, தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்களையும் வெளியே விடாது. மதுரையில் 2024 செப்டம்பரில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் அதிகாலையில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்து பெண்கள் இறந்தார்கள். அது கல்லூரி ஹாஸ்டல் இல்லைதான், ஆனால் எல்லோரும் அசந்து தூங்குகிற நேரம் எல்லா விடுதிக்கும் ஒன்றுதானே.

மகளிடம் சொல்லுங்கள்: தன் மாடியிலிருந்து இரண்டு படிக்கட்டு வழியாகவும் ஒருமுறை இறங்கிப் பார்க்கட்டும். இரண்டாவது படிக்கட்டில் பெரும்பாலும் உடைந்த கட்டில்தான் அடுக்கியிருக்கும்! தீயணைப்பு சிலிண்டரில் முள் பச்சையில் நிற்கிறதா என்றும் பார்க்கட்டும். தீயைவிட புகைதான் முதலில் ஆளை மயக்கும், அதனால் குனிந்து அல்லது தவழ்ந்து போக வேண்டும், லிஃப்ட் பக்கமே போகக்கூடாது. வராந்தா முழுக்கப் புகை என்றால் வெளியே ஓட வேண்டாம், கதவைச் சாத்தி, கீழே இருக்கிற இடுக்கில் ஈரத்துணியை அடைத்துவிட்டு, ஜன்னலோரம் நின்று 101-க்கோ 112-க்கோ போன் செய்து, எந்த பிளாக், எத்தனையாவது மாடி என்று சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்த வெந்நீர் ராடு. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ராடு, கெட்டில், அயர்ன் பாக்ஸ் மூன்றையும் சொருகுவார்கள். தடை போட்டால் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள். குழாயில் ஒழுங்காக வெந்நீர் வந்தால் ராடுக்கு வேலையே இருக்காது, இதை எந்த நிர்வாகமும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கேள்வி: லேப் முடிந்து ஹாஸ்டலுக்கு நடக்கும்போது இரவு 8 மணி ஆகிவிடுகிறது. வழியில் பாதி லைட் எரிவதில்லை. சொன்னால், "6 மணிக்கே வந்துவிடு" என்கிறார்கள்.
- மாணவி, சென்னை

பதில்: லேபை 8 மணி வரை வைப்பவர்கள் லைட்டையும் போட வேண்டும் அம்மா, இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்குப் பாலியல் கொடுமை நடந்தது, அவர் துணிந்து புகார் கொடுத்தார், 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, அதில் 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பே கிடையாது என்று தீர்ப்பானது. மதில் சுவருக்கு உள்ளே என்பதால் மட்டும் ஓர் இடம் பத்திரமாகிவிடாது என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். எரியாத கம்பங்களைப் போட்டோ எடுத்து, பத்துப் பேர் கையெழுத்து போட்டு, கல்லூரி முதல்வருக்கு ஒன்று, பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கக் கல்லூரியிலேயே இருக்கிற உள் புகார்க் குழுவுக்கு ஒன்று. யாராவது பின்தொடர்ந்தாலோ சீண்டினாலோ புகாரைத் தள்ளிப்போடாதீர்கள், உள் புகார்க் குழுவிடம் போக 3 மாதம் என்று கெடு இருக்கிறது. போலீஸுக்கு 112, பெண்கள் உதவி எண் 181. பவர் பட்டனை அடுத்தடுத்து அழுத்தினாலே அவசர அழைப்பு போகிற வசதி இன்றைய போன்களில் இருக்கிறது, எத்தனை தடவை என்பது போனுக்குப் போன் மாறும், இன்றைக்கே செட்டிங்ஸில் பார்த்து வையுங்கள்.

கேள்வி: வகுப்பில் ஒரு நண்பனுக்கு வலிப்பு வந்தது. ஆளாளுக்குக் கையில் இரும்பைக் கொடு என்றார்கள். சரியா?
- மாணவர், திருச்சி

பதில்: இரும்பால் ஒரு பயனும் இல்லை தம்பி, அவரே தன்னைக் குத்திக்கொள்ளத்தான் வழி. வாயிலும் எதையும் திணிக்காதீர்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள். பெஞ்சை நகர்த்திவிட்டு, தலைக்கு அடியில் ஒரு பையை வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலோ 108. கேட்டில் ஒருவர் நின்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டட்டும், பெரிய வளாகங்களில் அது பிளாக் தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். முழு நினைவு வரும்வரை தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், புரை ஏறிவிடும்.