டிசைன் ஆராய்ச்சி செய்து மெக்கானிக்கல் பேராசிரியர் ஆவது நல்ல வாழ்க்கையா?

நீங்கள் எம்.இ. முடித்துவிட்டு வெளிநாட்டில் பிஎச்.டி.க்கு இடம் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நான் 2006ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவன். பாடம், ஆராய்ச்சி, சோறு எல்லாமே மெஷின் டிசைன்தான். நல்ல வாழ்க்கைதான்.

இங்கே ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கணக்குப் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்கு அரசு மானியம் வருகிறது. போதாததற்கு, தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஆராய்ச்சியாளர்களை ஏ, பி, சி என்று தரம் பிரிக்கும். கட்டுரை எழுதி மேலே வந்தவன் கட்டுரையைக் குறை சொல்லலாமா என்று கேட்பீர்கள். குறை சொல்லவில்லை. அதில் வராத ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு சர்க்கரை ஆலையில் கரும்பு கன்வேயரின் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) உடைந்தது. விட்டம் மாறும் கூர்மூலையில், பாடப்புத்தகத்தில் போட்டிருப்பதுபோலவே. நான் மூலையை வளைவாக்கினேன், வளைவுக்கு இடம் வேண்டி, பேரிங் ஒட்டி உட்காரும் அந்தப் படியை உயர்த்தினேன். கணினியில் அழுத்தம் அழகாகக் குறைந்தது.

ஜனவரியில், அரவை இல்லாத சமயம், படத்தோடு ஆலைக்குப் போனேன். அங்கே ஒரு வயதான ஃபிட்டர். முப்பாட்டன் கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறி வந்தவராம். இவருக்குத் தமிழில் தாத்தா, ஆயா அளவுக்குத்தான் தெரியும். படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ப்ரொஃப், இந்த பேரிங்கை எப்படிக் கழற்றுவது?" என்றார் இங்கிலீஷில்.

என் படி, பேரிங்கின் உள்வளையத்தை முழுக்க மறைத்திருந்தது. பேரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லரின் கொக்கிக்குப் பிடிமானமே இல்லை. வெளிவளையத்தைப் பிடித்து இழுத்தால் பேரிங் போச்சு. கொக்கி நுழைய, படியில் எதிரெதிராக இரண்டு காடி (பள்ளம்) வெட்டச் சொன்னார். வெட்டினோம்.

இப்போது அந்தப் பழைய படத்தைத்தான் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்துத் தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். பாதிப் பேர் கால்குலேட்டரை எடுத்துவிடுவார்கள். அதனால், முடிந்தால் இரண்டு வருடம் ஏதாவது ஆலையில் கை அழுக்காகிவிட்டு ஆராய்ச்சிக்கு வாருங்கள்.

அப்புறம், கேட்காத ஒன்று. இங்கே நாயுடு, பிள்ளை, முதலி எல்லாம் குடும்பப் பெயர். எனக்கு அப்படி ஒன்று இல்லையென்றால் படிவம் விடுமா? அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். வந்த நாளிலிருந்து மாணவர்கள் என்னை அவர் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். எட்டாம் வகுப்பு தாண்டாத மனிதர் பெயரில்தான் என் கட்டுரைகள் எல்லாம் மேற்கோளாகின்றன. முதல் கட்டுரை அனுப்பும் முன்னால் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.