லண்டன்ல சின்ன சொலிசிட்டர் ஆபீஸுக்கு கமர்ஷியல் ப்ராப்பர்ட்டி வக்கீல் எடுக்கறப்ப எதைப் பாக்கணும்?

கேள்வில நீங்க சொல்லியிருக்கறது, கடைத்தெருவுல ஃபர்ம், இதுவரைக்கும் வீடு வாங்கறது விக்கறது, இமிக்ரேஷன், உயில்னு ஓடுது, இப்ப கடை லீஸ் வேலை குவியுது, சிட்டி ஃபர்ம்ல, அதாவது லண்டன் நிதி மையத்துல இருக்கற பெரிய ஃபர்ம்ல இருந்த ஆளா எடுக்கலாமா, எத்தனை வருஷ அனுபவம் கேக்கணும்னு.

நான் மேற்கு லண்டன்ல இதே மாதிரி ஃபர்ம்ல ப்ராக்டிஸ் மேனேஜரா இருக்கேன். வருஷக்கணக்கை ரொம்ப நம்பாதீங்க. ஒரு ஃபைலை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் தனியாளா முடிச்சிருக்காங்களான்னு பாருங்க, அதுதான் முக்கியம். பெரிய ஃபர்ம்ல அஞ்சு வருஷம் இருந்தவங்க ஒரு ஷாப்பிங் சென்டர் டீல்ல ஒரு மூலைய மட்டும் பாத்திருக்கலாம், முத்திரை வரி ரிட்டர்ன், பதிவு எல்லாம் அங்க வேற டீம். நம்ம ஆபீஸ்ல 14 நாளுக்குள்ள அந்த ரிட்டர்ன் போடறதும், 7 வருஷத்துக்கு மேல லீஸ்னா லேண்ட் ரிஜிஸ்ட்ரில பதியறதும், நடுவுல கிளையண்ட் போன் எடுக்கறதும் எல்லாமே அதே ஆள்தான்.

இன்டர்வியூல பேச்சை மட்டும் கேட்டு முடிவு பண்ணாதீங்க. பேரையெல்லாம் அடிச்சிட்டு ஒரு கடை லீஸ் ட்ராஃப்ட் குடுங்க, கீழ கடை, மேல ஃப்ளாட் இருக்கற மாதிரி. ஒரு மணி நேரம் டைம் குடுத்து, நீங்க கடை எடுக்கறவர் பக்கம், எதையெல்லாம் மாத்துவீங்கன்னு கேளுங்க. நான் முதல்ல பாக்கறது ப்ரேக் க்ளாஸ், அதாவது லீஸ் காலம் முடியறதுக்கு முன்னாடியே வெளிய வர வழி குடுக்கற பிரிவு. 'காலி இடமா ஒப்படைக்கணும்'னு நிபந்தனை இருந்தா நல்ல ஆள் உடனே பேனாவ எடுப்பாங்க, ஏன்னா உள்ள கொஞ்சம் சாமான் விட்டுட்டு வந்தாக்கூட ப்ரேக் செல்லாதுன்னு ஓனர் சண்டை போடலாம். முன்கூட்டியே கட்டின வாடகை திரும்ப வருமாங்கறதையும் எழுதச் சொல்வாங்க, லீஸ்ல எழுதலைன்னா வராதுன்னு 2015-ல மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. அப்புறம் 1954 சட்டம், கடை மாதிரி வியாபார இடத்துல குடியிருக்கறவங்களுக்கும் ஓனருக்கும் உள்ள உரிமைகளைச் சொல்றது. லீஸ் முடிஞ்சாலும் கடைக்காரர் தொடர்ந்து இருக்கற உரிமைய இந்த ட்ராஃப்ட் எடுத்துடுதா, எடுத்தா ஓனர் எச்சரிக்கை நோட்டீஸ் எப்ப குடுக்கணும், நோட்டீஸுக்கு அப்புறம் 14 நாள் அவகாசம் இல்லாட்டி கிளையண்ட் வேற வக்கீல் முன்னாடி சத்தியப் பிரமாணம் பண்ணணும், இதைத் தயங்காம சொல்றவங்கள விட்டுடாதீங்க.

அதே ஆள்கிட்ட, இதை ஒரு கடைக்காரருக்கு விளக்கறமாதிரி சொல்லுங்கன்னு கேளுங்க. நம்மகிட்ட வர்றவங்க பெரும்பாலும் ஆஃப் லைசன்ஸ் (மது பாட்டில் விக்கற கடை) நடத்தற அண்ணன், சலூன் போடற அக்கா, மொத்த சேமிப்பையும் ஒரு கடையில போடறவங்க. கடைய வேற ஆளுக்கு மாத்திக் குடுத்த பிறகும், அந்த ஆள் வாடகை கட்டலைன்னா நீங்கதான் ஜாமீன்னு லீஸ்ல ஒரு வரி இருக்கும், அது புரியாம கையெழுத்து போட்டா குடும்பமே ஆடிப்போயிடும். அதைப் பொறுமையா, அவங்க முகத்தப் பாத்து சொல்லத் தெரியாத வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் நமக்கு வேண்டாம். தமிழ் தெரிஞ்சா நல்லதுதான், ஆனா அதுக்காக லீஸ் தெரியாத ஆளை எடுத்துடாதீங்க.

சிலெக்ஸ் வழியா, அதாவது வேலை பாத்துக்கிட்டே படிச்சு வக்கீல் தகுதி வாங்கற வழியில வந்தவங்களையும் ஒதுக்காதீங்க, பாராலீகலா (வக்கீலுக்கு உதவியாளரா) இருந்து வளர்ந்த சிலர் பிரமாதமா ஃபைல் ஓட்டுவாங்க. சொலிசிட்டரா இருந்தா, அவங்களை ஒழுங்குபடுத்தற அமைப்பான எஸ்ஆர்ஏ ரிஜிஸ்டர்ல பேரைத் தட்டிப் பாக்கறது அஞ்சு நிமிஷ வேலை, கட்டாயம் பண்ணுங்க. ஏஜென்சி மூலமா எடுத்தா, ஆள் சீக்கிரம் போயிட்டா ஃபீஸ் எவ்வளவு திரும்பத் தருவாங்கன்னு முதல்லயே எழுத்துல வாங்கிக்கோங்க. அனுபவம் உள்ளவங்களுக்கு நோட்டீஸ் மூணு மாசம் வரைக்கும் இருக்கும், அதனால இப்பவே தேட ஆரம்பிங்க. இன்னொண்ணு, கமர்ஷியல் வேலை கூடுனா இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் (வேலையில தப்பு நடந்து கிளையண்ட் நஷ்டஈடு கேட்டா காப்பாத்தற இன்சூரன்ஸ்) பிரீமியமும் ஏறலாம், சம்பளம் பேசறதுக்கு முன்னாடி உங்க ப்ரோக்கர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.